எட்டு டன் இழுக்கும், சரி... நிற்குமா?

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. டன், யூனிட், பிரேக், ஆர்.சி. புத்தகம் எல்லாம் வரும். ஊரில் கொஞ்சம் நிலமும், அதைப் பார்த்துக்கொள்ள ஒரு தம்பியோ மச்சானோ இருப்பவர்கள் கட்டாயம் படிக்கவும். மற்றவர்களும் படிக்கலாம், காசா பணமா :-)

2020 ஜூலையில் எங்கள் திருவனந்தபுரத்துக்கு ஒரு வண்டி வந்து சேர்ந்தது. வட்டியூர்க்காவில் இருக்கும் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் வளாகத்துக்கு ஆட்டோகிளேவ் என்கிற ராட்சச உருளையைக் கொண்டு வந்த வண்டி. மகாராஷ்டிராவிலிருந்து 2019 ஜூலையில் கிளம்பியது. சுமை மட்டும் சுமார் 70 டன். வண்டிக்கு மொத்தம் 74 சக்கரம். ஏறத்தாழ 1700 கிலோமீட்டரைக் கடக்க ஒரு வருஷம் ஆகியிருக்கிறது, நாளைக்கு ஐந்து கிலோமீட்டர் வீதம். கூடவே முப்பது பேருக்கு மேல் ஆட்கள். மரக்கிளையை வெட்டி, மின்கம்பியை விலக்கி, ரோடு தாங்குமா என்று பார்த்துப் பார்த்துக் கொண்டுவந்தார்கள். நடுவில் கொரோனா ஊரடங்கு வேறு.

'ஒரு வண்டி வர ஒரு வருஷமா' என்று இங்கே நிறைய பேர் சிரித்தார்கள். எனக்குப் பொறாமைதான் வந்தது. என்ன ஏற்றியிருக்கிறோம், எவ்வளவு எடை, எங்கே நிறுத்தணும் என்று தெரிந்தவர்கள் ஓட்டிய வண்டி அது. எங்கள் மன்னார்குடிப் பக்கம் தை, மாசி ராத்திரிகளில் நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போகும் டிராக்டர் டிரெய்லர்களைப் பார்த்தவர்களுக்குப் புரியும். பின்னால் விளக்கு கிடையாது. ஒளி பட்டால் மின்னும் சிவப்பு ஸ்டிக்கர்கூட கிடையாது. மூட்டைக்கு மேல் ரெண்டு பேர் தூங்கிக்கொண்டு போவார்கள். பஸ் டிரைவர் கடைசி நொடியில் ஒடிப்பதைப் பார்த்தால் நமக்கு வயிற்றைக் கலக்கும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஊரில் டிரெய்லர் வாங்குவது யார் என்று பார்த்தால், ரொம்ப வீடுகளில் அது நாம்தான். துபாயில், சிங்கப்பூரில், பெங்களூரில், இங்கே கழக்கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டு போனிலேயே பேசி முடித்துப் பணம் அனுப்புகிறோம். அப்போது நாம் கேட்கும் கேள்வி ரெண்டே ரெண்டு. எவ்வளவு ஆகும்? எவ்வளவு ஏற்றலாம்?

போன அறுவடை முடிந்த கையோடு சித்தப்பா மகன் போன் செய்தான்.

"அண்ணே, நம்ம வண்டிக்கு ஒரு டிரெய்லர் போட்டுடலாம்ணே. பட்டறையில பேசிட்டேன். எட்டு டன் அசால்ட்டா இழுக்குமாம்."

"சரிடா. நிக்குமா?"

"என்னண்ணே?"

"எட்டு டன்னை ஏத்திட்டுப் போறப்ப குறுக்க ஒரு மாடு வந்தா நிக்குமான்னு கேட்டேன்."

"அதான் டிராக்டர்ல பிரேக் இருக்குல்லண்ணே!"

அவன் கடைசியாகச் சொன்ன பதில்தான் இந்தப் பதிவுக்கே காரணம்.

45 குதிரைத்திறன் டிராக்டர் சுமார் ரெண்டு டன் எடை இருக்கும். எட்டு டன் சுமை, டிரெய்லரின் சொந்த எடை ஒரு டன்னுக்கு மேல். ஆக ரெண்டு டன் ஆசாமி, தன் முதுகுக்குப் பின்னால் வரும் ஒன்பது டன்னைப் பிடித்து நிறுத்தணும். அதுவும் நம்ம ஊர் டிராக்டர்களில் பெரும்பாலும் பின்சக்கரத்துக்கு மட்டும்தான் பிரேக். இழுப்பதற்கு எஞ்சின் போதும். நிறுத்துவதற்கு எஞ்சின் உதவாது, எடையும் பிடிமானமும் வேண்டும். டிராக்டர் நின்றாலும் டிரெய்லர் நிற்காது, பின்னாலிருந்து தள்ளும். நேராகத் தள்ளினால் முன்னால் போகிறவன் மேல் மோதும். கொஞ்சம் கோணலாகத் தள்ளினால் டிராக்டர் திரும்பி, ரெண்டும் கத்தரி மாதிரி மடங்கி வாய்க்காலில் இறங்கும். வேகம் ரெட்டிப்பானால் நிற்கத் தேவையான தூரம் நாலு மடங்கு ஆகும் என்பது பள்ளிக்கூடத்து இயற்பியல்.

"நம்ம ஊர்ல ஏதுண்ணே மலை?" என்று கேட்டான். டெல்டாவில் ஒவ்வொரு ஆற்றுப் பாலமும் ஒரு குட்டி மலைதான். ஆற்றங்கரை ரோட்டிலிருந்து வயலுக்கு இறங்கும் சரிவும் அப்படித்தான். அந்த இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விடுகிற டிரைவர்களை நான் பார்த்திருக்கிறேன். கியரில் இருந்தாலாவது எஞ்சின் கொஞ்சம் பிடித்துவைக்கும். இன்னொன்று. வயலில் சட்டென்று திருப்ப வசதியாக டிராக்டரில் இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி பிரேக் பெடல் இருக்கும். ரோட்டில் ஏறுமுன் ரெண்டையும் சேர்த்துக் கொக்கி போட்டுவிடணும். இல்லாவிட்டால் அவசரத்தில் ஒரு பெடலை மட்டும் மிதித்து, ஒரு சக்கரம் மட்டும் பிடித்து, வண்டி சுழன்றுவிடும். உங்கள் ஊர் டிரைவர் அந்தக் கொக்கியைப் போடுகிறாரா என்று அடுத்த முறை போகும்போது பாருங்கள்.

இறக்கம் என்றதும் கேரளாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இங்கே டிராக்டர் டிரெய்லர் அதிகம் கண்ணில் படாது. ரோடு குறுகல், வளைவு, மேடு பள்ளம். சுமைக்கு டிப்பர் லாரி, குட்டியானை, பெட்டி ஆட்டோ. ஆனால் வெள்ளாயணி ஏரிப் பக்கம் புஞ்சக்கரி வயல்களுக்குப் போனால், பவர் டில்லருக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி வண்டியைக் கோத்து, அதிலேயே உட்கார்ந்து ஓட்டிப் போகும் பெரியவர்களைப் பார்க்கலாம். எர்ணாகுளம் மாவட்டம் அத்தாணியில் 1973-ல் தொடங்கிய கேரள அரசின் காம்கோ நிறுவனம் தயாரிக்கும் 12 குதிரைத்திறன் டில்லர்தான் இங்கே பிரபலம். மெதுவாகத்தான் போகும். ஒரு ஏக்கர், ரெண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு அது தாராளமாகப் போதும் என்பது என் கருத்து. ஆனால் அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சமதரையில் இடது கிளட்சைப் பிடித்தால் டில்லர் இடதுபக்கம் திரும்பும். சரிவில் இறங்கும்போது அதே இடது கிளட்சைப் பிடித்தால் வலதுபக்கம் திரும்பும்! எஞ்சின் பிடியிலிருந்து விடுபட்ட சக்கரம் சுமை தள்ளத் தள்ள வேகமாக உருளுவதுதான் காரணம். தெரிந்தவருக்கு இது பழக்கம். தெரியாமல் சைடில் இருந்து வாங்கி ஓட்டிப் பார்க்கும் பேரனுக்கு ஆபத்து.

இப்போது தாத்தா காலத்துக்குப் போவோம். மாட்டு வண்டியில் மூட்டை அடுக்குபவரிடம் பெரியவர்கள் கேட்பது ஒரே கேள்வி: முன்பாரமா, பின்பாரமா? முன்பக்கம் அதிகம் ஏறினால் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பக்கம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கும், மாடு திணறும். கொஞ்சம் முன்பாரம் இருக்கிற மாதிரி அடுக்குவதுதான் கைத்திறன். ரெண்டு சக்கர டிரெய்லரின் கணக்கும் அச்சு அசல் இதுதான். மாட்டின் கழுத்துக்குப் பதில் டிராக்டரின் கொக்கி. பின்பாரம் ஆனால் கொக்கி மேல்நோக்கி இழுக்கும், டிராக்டரின் பின்சக்கரத்துக்குப் பிடிமானம் போகும். பிரேக் இருப்பதோ அந்தச் சக்கரத்தில் மட்டும்! முன்பாரம் அளவு மீறினால் டிராக்டரின் மூக்கு தூக்கும், ஸ்டியரிங் வெறும் அலங்காரம்தான். முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு டிராக்டர் ஏறும் வீடியோக்களை விசில் அடித்துப் பார்க்கிறார்கள் நம் பையன்கள். பார்க்க எனக்குக் குலைநடுங்குகிறது.

மாட்டு வண்டியில் இன்னும் ரெண்டு விஷயம் இருந்தது. இறக்கத்தில் சக்கரத்தோடு கட்டையை உரசி நிறுத்த ஒரு ஏற்பாடு. அடியில் ஆடிக்கொண்டே வரும் அரிக்கேன் விளக்கு. ஒரு டன் கூட ஏற்றாத வண்டிக்குத் தாத்தா பிரேக்கும் விளக்கும் வைத்திருந்தார். எட்டு டன் ஏற்றும் பேரன் ரெண்டையும் தூக்கிப் போட்டுவிட்டான்.

நாலு சக்கர டிரெய்லரில் இந்த முன்பாரம் பின்பாரம் தொல்லை குறைவு. சுமை டிராக்டர் மேல் உட்காராது. ஆனால் ரிவர்ஸ் எடுப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும், ஏனென்றால் கொக்கியில் ஒரு திருப்பம், முன் அச்சில் ஒரு திருப்பம். களத்துமேட்டில், குறுகிய வரப்பு வழியில் அது சரிப்படாது. கரும்பாலைக்கு நேர் ரோட்டில் போகிறவர்களுக்கு ஓகே. சின்ன விவசாயிக்கு ரெண்டு சக்கரம்தான் என்பது என் கட்சி.

அடுத்து, எடை. பட்டறைக்காரர் பெட்டியின் நீள அகலத்தைத்தான் சொல்வார். பத்தடிக்கு ஆறடி, ரெண்டடி உயரம் என்று வையுங்கள். 120 கன அடி. அதில் நெல்லைக் கொட்டினால் சுமார் ரெண்டு டன். அதே பெட்டியில் ஈர மணலை நிரப்பினால் ஆறு டன்! பெட்டி அதேதான், ரெண்டு முறையும் விளிம்பு வரைதான். பார்க்கிறவர் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் ஆக்ஸிலுக்கும் டயருக்கும் தெரியும். நம்ம ஊரில் மணலை யூனிட் கணக்கில் பேசுகிறார்கள், ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. எடையைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. வைக்கோல் இதற்கு நேர்மாறு. எடை இல்லை, ஆனால் உயரம் கட்டி, அகலம் கட்டி, பின் விளக்கை மறைத்து, தாழத் தொங்கும் மின்கம்பியில் போய் உரசும்.

உண்மையில் நமக்கு எவ்வளவு தேவை? தம்பி பார்ப்பது ஐந்து ஏக்கர். நன்றாக விளைந்தால் மொத்தம் 12 டன் நெல். கொள்முதல் நிலையத்துக்கு 40 கிலோ மூட்டை, ஆக 300 மூட்டை. மூன்று டன் டிரெய்லர் நாலு நடை அடித்தால் முடிந்தது. அப்புறம் எதற்கு எட்டு டன்?

இதை நோண்டி நோண்டிக் கேட்டேன். வருஷத்தில் சில வாரம்தான் நெல்லுக்கு வேலை. மீதி நாள் டிரெய்லர் சும்மா நிற்கும். தவணை மட்டும் சும்மா நிற்காது. அதனால் சவுடு மண், செங்கல், ஜல்லி என்று வாடகைக்கு ஓடும். வாடகை நடைக்கு இவ்வளவு என்பதால் ஒவ்வொரு நடையிலும் எவ்வளவு அதிகம் ஏற்றுகிறோமோ அவ்வளவு நல்லது. டிரைவருக்கும் நடைக் கூலிதான், ஆகவே வேகம். இப்படித்தான் எட்டு டன் வருகிறது. அதை வரவழைப்பது நிலமில்லை, கடன். இங்கேதான் வெளியூரில் இருக்கும் நமக்குப் பங்கு இருக்கிறது. 'பாதி நான் தரேன், பாதி நீயே லோன் போட்டு ஓட்டிக் கட்டிடு' என்று பெருந்தன்மையாகச் சொல்கிறோம் பாருங்கள், அந்தப் பாதி லோன்தான் டிரெய்லரில் மூன்று டன் அதிகமாக ஏறி உட்காருகிறது. சின்னதாக வாங்கி முழுப் பணத்தையும் கொடுத்துவிடலாம். முடியாவிட்டால் வாங்காமல் வாடகைக்கு எடுக்கலாம். தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறையே இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறது.

ஆஸ்திரேலியாவில் இருக்கும் என் கல்லூரித் தோழனிடம் இதைப் பேசினேன். காருக்குப் பின்னால் கோத்துக்கொண்டு குப்பையும் மண்ணும் அள்ளிப் போகும் சின்ன டிரெய்லர் அவனிடம் இருக்கிறது. அங்கே டிரெய்லரும் சுமையுமாக 750 கிலோவைத் தாண்டினாலே டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். ரெண்டு டன்னைத் தாண்டினால் எல்லாச் சக்கரத்துக்கும் பிரேக். கொக்கி கழன்றால் தானாகவே பிரேக் பிடிக்கும் ஏற்பாடும் வேண்டும். அதே மனிதர் லீவுக்கு ஊருக்கு வந்தால் பிரேக்கே இல்லாத எட்டு டன் வண்டியில் பிள்ளைகளை ஏற்றிக் கோயிலுக்கு அனுப்புகிறார். ஊர் மாறினால் இயற்பியல் மாறிவிடுமா என்ன!

பட்டறைக்காரரிடம் தம்பி போய்க் கேட்டபோது, 'பிரேக்கெல்லாம் யாரும் கேக்குறதில்லப்பா' என்று சிரித்திருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, கேட்காததை அவர் ஏன் செய்யப் போகிறார்? பழைய லாரி ஆக்ஸிலை வாங்கி, டிரம்மை எடுத்துவிட்டு, மலிவாக முடிப்பதுதான் வழக்கம். கேட்டால் கிடைக்கும். டிராக்டர் வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் தள்ளும் விசையையே வைத்துப் பிடிக்கும் ஓவர்ரன் பிரேக், டிராக்டரின் ஹைட்ராலிக்கோடு இணைவது, காற்று பிரேக் என்று வகைகள் உண்டு. எது உங்கள் டிராக்டருக்குப் பொருந்தும் என்பதை டிராக்டர் கம்பெனி டீலரிடம் கேட்டுச் செய்வது நல்லது. கூடவே கொக்கிப் பின் உடைந்தால் காப்பாற்ற ஒரு சங்கிலி, கழற்றி நிறுத்தும்போது முன்னால் ஊன்றும் ஸ்டாண்டு, சக்கரத்துக்குக் கட்டை. பின்னால் விளக்கு, சிவப்பு ரிஃப்ளெக்டர். இதெல்லாம் மொத்த விலையில் ரொம்பச் சின்ன பங்குதான். மெதுவாகப் போகும் வண்டி என்று தூரத்திலேயே தெரிய ஆரஞ்சு முக்கோணம் ஒன்றை அமெரிக்காவில் பார்த்திருப்பீர்கள். 1960-களில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவானது அது. ஒரு தகடு, கொஞ்சம் மின்னும் ஸ்டிக்கர், அவ்வளவுதான் விஷயம்.

ஹைட்ராலிக் டிப்பர் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. தூக்கிய பெட்டிக்கு அடியில் முட்டு கொடுக்காமல் யாரும் தலையை விடக் கூடாது. ஹோஸ் வெடித்தால் பெட்டி சொல்லிக்கொண்டு இறங்காது. சரிவான தரையில் தூக்கினால் பக்கவாட்டில் கவிழும். தூக்குமுன் மேலே பார்க்கணும், கம்பி இருக்கிறதா என்று.

இனி காகித விஷயம். போர் அடிக்கும், ஆனால் நம் கழுத்துக்குக் கத்தி இங்கேதான். 1988-ன் மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லர் தனி வாகனம். அதற்குத் தனிப் பதிவு வேண்டும், இழுக்கும் டிராக்டரின் நம்பரும் டிரெய்லரின் பின்னால் தெரியணும். விற்பனைச் சான்றும் சாலைத் தகுதிச் சான்றும் தர முடியாத பட்டறையில் வாங்கினால் பதிவுக்கு அலைய வேண்டியதுதான். இன்சூரன்ஸ் டிராக்டருக்கு மட்டும் போட்டுவிட்டு டிரெய்லரை விட்டுவிடுவது இன்னொரு வழக்கம். விவசாயத்துக்கு என்று பாலிசி எடுத்துவிட்டுச் செங்கல் அடித்தால், விபத்து நாளில் கம்பெனி வக்கீலுக்கு நாமே பாயிண்ட் எடுத்துக் கொடுத்த மாதிரி.

லைசென்ஸ் விஷயத்தில் குழப்பம் இப்போது குறைந்திருக்கிறது. 7500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வண்டியை ஓட்ட எல்.எம்.வி. லைசென்ஸே போதும் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. ஆனால் அந்த லைசென்ஸாவது இருக்கணுமே? ஒன்பதாவது படிக்கும் அக்கா பையன் ஓட்டுகிறான் என்று பெருமையாக வீடியோ வருகிறது நம் குடும்ப குரூப்பில். 2019-ல் திருத்திய சட்டப்படி 18 வயதுக்குக் கீழே இருப்பவர் ஓட்டிக் குற்றம் நடந்தால், பாதுகாவலருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவும் 12 மாதத்துக்கு ரத்து. உரிமையாளர் யார்? ஆர்.சி. புத்தகத்தில் பெயர் இருக்கிறவர். நம்ம பணம், நம்ம பெயர் என்று கெத்தாகப் போட்டுக்கொண்டோமே, அந்தப் பெயர்தான். தினமும் யார் வண்டியைப் பார்த்துக்கொள்கிறார்களோ அவர்கள் பெயரில் வாங்குவதுதான் ஞாயம். பணம் கொடுத்ததற்குக் கணக்கு வேண்டுமானால் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஆட்களை ஏற்றுவது. 2022 அக்டோபர் 1-ம் தேதி உத்தரப் பிரதேசம் கான்பூர் மாவட்டத்தில் கோயிலிலிருந்து திரும்பிய டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து 25 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். 2024 பிப்ரவரி 24-ம் தேதி அதே மாநிலத்தின் காஸ்கஞ்சில் கங்கையில் குளிக்கப் போன டிரெய்லர், மறுபடியும் ஒரு குளம், மறுபடியும் 20 பேருக்கு மேல். வடக்கே நடந்தது, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். பால்குடம், காதுகுத்து, துக்க வீடு, நடவு என்று எல்லாவற்றுக்கும் நம்ம ஊரிலும் டிரெய்லர்தான். அதில் உட்காருகிறவர்களுக்கு இன்சூரன்ஸ் கிடையாது. டிராக்டர் டிரெய்லரில் போய் விழுந்து அடிபட்ட ஒரு கூலித் தொழிலாளியின் வழக்கில் 2007-ல் உச்ச நீதிமன்றம், அவர் பயணம் செய்ததற்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்றது. ஏழை மனிதர் என்பதால் முதலில் கம்பெனி கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிட்டது. நியாயமான தீர்ப்புதான். வசூலிப்பது யாரிடம் என்று மறுபடியும் ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

'அப்போ நடவு ஆளுங்க எப்படிண்ணே வருவாங்க?' என்று தம்பி கேட்டது நியாயமான கேள்வி. பஸ் வராத ஊர். காலை ஆறு மணிக்கு இருபது பெண்கள் பத்து கிலோமீட்டர் வரணும். குட்டியானையில் ஏற்றினாலும் இதே கதைதான், அதுவும் சரக்கு வண்டி. வேன், ஷேர் ஆட்டோ வைத்தால் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று செலவு வரும், அதை நடவுக் கூலிக் கணக்கிலிருந்து அவர்கள் தலையில் கட்டக் கூடாது. ஒரு போகத்துக்கு நடவுக்கும் களை எடுக்கவும் எத்தனை நாள் ஆள் வரும், வேன் வாடகை எவ்வளவு என்று தம்பியையே கணக்குப் போட்டு அனுப்பச் சொன்னேன். எட்டு டன்னுக்கும் மூன்று டன்னுக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் பிரேக்கும் விளக்கும் போக, ரெண்டு வருஷத்து வேன் வாடகை தேறுகிறது. அந்தப் பணத்தைத் தனியாக, நடவுக்கு முன்னாலேயே அனுப்பிவிடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.